ஸ்டீல் கம்பி எலெக்ட்ரிக் யுகுலேலே: வாங்கும் முன் கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

என் தங்கை மகன் ஒரு தீபாவளிக்குச் சேர்த்த பணத்தில் இணையத்தில் ஒரு யுகுலேலே, அதாவது நாலு தந்தி வைத்த குட்டிக் கிடார் போன்ற கருவி, வாங்கினான். கறுப்புப் பளபளப்பு, கிடார் மாதிரியே கொம்பு வைத்த உடம்பு, பக்கத்தில் கேபிள் குத்த ஒரு ஓட்டை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘எலெக்ட்ரிக்’. பிரித்துப் பார்த்தால் நைலான் தந்தி. ஓசையைப் பெருக்கும் ஆம்ப்பில் மாட்டினால் வாசிப்பு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவன் ஆசைப்பட்டது கம்பியை இழுத்துக் கதறவிடும் ஓசைக்கு. அதனால் பையன் நைலானைக் கழற்றிவிட்டு கிடார் கம்பியைப் பூட்டினான். பத்து நாளில், உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒரு பக்கம் பலகையை விட்டு எழுந்துகொண்டது. “மாமா, எலெக்ட்ரிக்னுதானே போட்டிருந்தான்?” என்று கேட்டான். போட்டிருந்தது பொய்யில்லை. அந்தச் சொல் மூன்று வேறு வேறு பொருளுக்கு ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறம், வடிவம், பிராண்ட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கம்பியிலிருந்து தொடங்குங்கள். எந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), எந்த அளவு, எந்த பிரிட்ஜ் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலேதான் இருக்கிறது.

முதல் வேலை: அது நிஜமாகவே ஸ்டீல் கம்பிக் கருவியா?

கடைகளில் எலெக்ட்ரிக் என்று விற்பவற்றில் ஒரு வகை, உள்ளே கூடாக இருக்கும் சாதாரண மர யுகுலேலே. பிரிட்ஜுக்கு அடியில் பியெஸோ என்ற மெல்லிய பட்டையை வைத்து, அதிர்வை மின்சாரமாக மாற்றுவார்கள். தந்தி நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன். ஃபெண்டரின் ஃபுல்லர்டன் வரிசை பார்ப்பதற்கு அச்சு அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் கிடாரின் குட்டி. ஆனாலும் அது இந்த வகைதான். எபிஃபோனின் லெஸ் பால் யுகுலேலேயும் அப்படியே. நல்ல கருவிகள்தான், உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்பதுதான் பிரச்சினை. இன்னொரு வகையில் உடம்பு கெட்டி மரமாக இருக்கும், தந்தி மட்டும் நைலான், பிக்கப்பும் பியெஸோ. மூன்றாவது வகைதான் நாம் தேடுவது: கெட்டி உடம்பு, ஸ்டீல் கம்பி, காந்த பிக்கப். ஜெர்மனியின் ரிஸா இப்படிச் செய்கிறது. சீனத் தயாரிப்பான வோர்சனிலும் உண்டு. தனியாகக் கையால் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

காந்த பிக்கப் என்பது ஒரு காந்தத்தைச் சுற்றி மயிரிழைத் தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியது. அதன் மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் குலையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலான் அதன் மேல் எவ்வளவு ஆடினாலும் பிக்கப்புக்கு ஒன்றும் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. 1879இல் ‘ரேவன்ஸ்க்ராக்’ என்ற கப்பலில் மதீரா தீவுப் போர்ச்சுகீசியர்கள் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சின்னத் தந்திக் கருவியிலிருந்து பிறந்தது யுகுலேலே. அதே ஹவாய் இசையின் மடிக் கிடாருக்காகத்தான் 1930களின் தொடக்கத்தில், பிற்பாடு ரிக்கன்பேக்கர் என்று பெயரெடுத்த கம்பெனி காந்த பிக்கப் வைத்த கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வார்த்த அலுமினியத்தில் வட்டமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர். ஆக, மின்சாரக் கிடார் பிறந்ததே ஹவாய் இசையின் மடியில். யுகுலேலே மட்டும் குடல் தந்தியிலும் பிறகு நைலானிலும் தங்கிவிட்டது.

நேரில் பார்க்கும்போது ஒரு சின்னக் காந்தம் போதும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தையே எடுத்துப் போங்கள். பிக்கப்பை விட்டு விலகி, தலைப்பகுதியில் ஒவ்வொரு தந்தியிலும் வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒட்ட வேண்டும். ஏன் நான்கிலும் என்றால், நைலான் செட்டில்கூட தடித்த தந்தி ஒன்று வெள்ளியாக மின்னும். பார்த்தால் இரும்பு என்று சத்தியம் செய்யலாம். உண்மையில் உள்ளே நைலான், மேலே சுற்றியிருப்பது தாமிரமோ அலுமினியமோ. காந்தம் அதைச் சீந்தாது. இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் தந்தி எதனால் ஆனது, பிக்கப் காந்தமா பியெஸோவா, நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதியும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜ் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக் கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அளவு

நைலான் உலகத்தில் சோப்ரானோ, கான்செர்ட், டெனர், பாரிடோன் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம் சுமாராக முறையே 33, 38, 43, 50 சென்டிமீட்டர். ஸ்டீல் கம்பிக்கு வரும்போது என் வாக்கு டெனருக்குத்தான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 0.010 அங்குல ஸ்டீல் கம்பியை முதல் தந்தியின் சுருதியான ஏ-வுக்கு, அதாவது 440 அதிர்வுக்கு, சேர்த்தால் டெனரில் சுமார் 5.8 கிலோ இழுவிசை கிடைக்கும். அதே கம்பி, அதே சுருதி, சோப்ரானோ நீளத்தில் 3.4 கிலோதான். கம்பி தொளதொளவென்று கிடக்கும், விரலை அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். சரி, தடித்த கம்பி போடலாமே என்றால், அவ்வளவு குட்டை நீளத்தில் தடித்த கம்பி தந்தியாக நடந்துகொள்ளாமல் கம்பித்துண்டாக நடந்துகொள்ளும். மேல் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஸ்வரம் நிற்காது. கான்செர்ட் அளவில் நன்றாகச் செய்தவை உண்டு, வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

கிடார் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெனர் யுகுலேலேயின் ஜி-சி-இ-ஏ என்பது, கிடாரின் மெல்லிய நான்கு தந்திகளை ஐந்தாம் மெட்டில் கேப்போ போட்ட மாதிரி. பாரிடோன் என்றால் கேப்போவும் வேண்டாம், டி-ஜி-பி-இ அப்படியே. கைக்குப் பழகிய கார்டுகள் எல்லாம் நடக்கும், பெயர்தான் மாறும்.

கீழ் ஜி-யா மேல் ஜி-யா?

ஹவாய் முறையில் நாலாம் தந்தி ஜி மேல் ஸ்தாயியில் இருக்கும். அந்தத் துள்ளல் சத்தத்துக்குக் காரணமே அதுதான். ஸ்டீல் கம்பியில் நீங்கள் வாசிக்கப் போவது பெரும்பாலும் கார்டு இல்லாமல் தனித்தனி ஸ்வரமும் இழுவையுமாக இருந்தால் கீழ் ஜி போடுங்கள், இறங்கிப் போக ஐந்து ஸ்வரம் கூடுதலாகக் கிடைக்கும்.

கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம், இது பலருக்கும் தெரிவதில்லை. எந்த கிடார் கடையிலும் கிடைக்கிற 10-46 எலெக்ட்ரிக் செட்டை (மிக மெல்லிய கம்பி 0.010, மிகத் தடித்தது 0.046 அங்குலம்) வாங்குங்கள். அதிலுள்ள மெல்லிய நான்கு கம்பிகள், 0.010, 0.013, 0.017, 0.026, டெனர் நீளத்தில் ஏ, இ, சி, கீழ் ஜி-க்கு அளவெடுத்தது போல உட்காரும். ஒவ்வொன்றிலும் சுமார் ஐந்தரையிலிருந்து ஆறரை கிலோ வரை இழுவிசை, கை ஒரே சீராக உணரும். மேல் ஜி வேண்டுமானால் நாலாவதுக்கும் ஒரு 0.010 போதும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் அகூஸ்டிக் கிடாரின் பித்தளை நிறச் செட்டை எடுத்து நீட்டுவார். அதன் உள்கம்பி இரும்புதான் என்றாலும் சுற்று வெண்கலம், காந்த பிக்கப்பில் சுற்றுக்கம்பி மட்டும் அமுங்கி ஒலிக்கும். “எலெக்ட்ரிக், நிக்கல்” என்று சொல்லி வாங்குங்கள். கிடார் கம்பியின் நுனியில் ஒரு குண்டு இருக்கும், உங்கள் கருவியின் பிரிட்ஜ் அந்தக் குண்டைப் பிடிக்கிற வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்

ஒற்றைச் சுருள் பிக்கப் கணீரென்று, கொஞ்சம் கூர்மையாக ஒலிக்கும். கூடவே வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அழைத்துக்கொண்டு வரும். மலிவான எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் இருக்கிற அறையில் ‘ம்ம்ம்’ என்று தம்புராவுக்குப் போட்டியாக ஓடும். ஹம்பக்கர் என்பது இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிரெதிர் முனையாக வைத்தது. தந்தியின் ஓசை கூடும், ரீங்காரம் ஒன்றையொன்று தின்றுவிடும். 1955 வாக்கில் கிப்சன் கம்பெனியில் செத் லவர் இதை உருவாக்கினார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற புதியவருக்கு நான் ஹம்பக்கரைத்தான் சொல்வேன்.

இரண்டு பிக்கப் இருந்தால் நல்லதா? டெனரில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரமே கொஞ்சம். ஓசை வித்தியாசமும் கிடாரில் கேட்பது போலப் பெரிதாக இருக்காது. அந்தக் காசு நல்ல பிரிட்ஜுக்குப் போகட்டும். ஆனால் ஒன்றைக் குனிந்து பாருங்கள்: பிக்கப்பின் காந்தப் பொட்டுகள் நான்கும் நான்கு கம்பிகளுக்கும் நேர் கீழே இருக்கின்றனவா? ஆறு பொட்டுள்ள கிடார் பிக்கப்பையே மாட்டிவிட்ட கருவிகளும் உண்டு. அதில் ஒரு கம்பி உரக்கவும் இன்னொன்று முனகவும் செய்யும். பொட்டே இல்லாமல் நீளப் பட்டையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிரிட்ஜ்

எனக்கு மனக்குறை அதிகம் உள்ள இடம் இது. குட்டை நீளக் கருவியில் பிரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். நீளக் கிடாரில் மன்னிக்கப்படும் பிழை இங்கே மன்னிக்கப்படாது. அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய சாடில் (கம்பி உட்காரும் சின்னத் துண்டு) இருக்கிற பிரிட்ஜ்தான் வேண்டும். நைலான் கருவியில் இருப்பது போல ஒரே நேர்க்கோட்டு எலும்புத்துண்டு ஸ்டீல் கம்பிக்குப் போதாது. முக்கியமாக மூன்றாவது கம்பி, சுற்றில்லாத தடித்த கம்பி என்பதால், மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

சோதிப்பது எளிது. போனில் ட்யூனர் செயலியைத் திறந்து சுருதி சேருங்கள். 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி, மணி போல வரும் ஓசையைப் பாருங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை நட்டை விட்டுத் தள்ளி நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் நட்டை நோக்கி. வித்தியாசம் நான்கைந்து சென்ட்டுக்குள் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) அடங்கினால் வாங்கலாம். திருகு கடைசி வரை போயும் அடங்காவிட்டால் பிரிட்ஜே தவறான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுப்பது கிட்டத்தட்ட 24 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதனால் கழுத்துக்குள் அது வளையாமல் தாங்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். தலைப்பகுதியில் ஒரு சின்ன மூடியோ கழுத்தின் அடியில் ஒரு துளையோ தெரியும். ட்யூனிங் கீ பற்சக்கரம் வைத்ததாக இருக்கட்டும். உராய்வில் நிற்கும் பழைய முளைகள் ஸ்டீல் கம்பிக்கு ஆகாது, தலைமுடி அளவு திருப்பினாலும் சுருதி துள்ளும்.

கடையில் கால்மணி நேரம்

நின்றுகொண்டே வாசித்துப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். ஆம்ப்பை இன்னும் தொட வேண்டாம், கருவியின் உண்மை ஆம்ப் இல்லாதபோதுதான் தெரியும்.

உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள். மெட்டுகளின் நுனி ரம்பம் போல உரசினால், அதைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லலாம், அல்லது அடுத்த கருவியை எடுக்கலாம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் முதல் மெட்டிலிருந்து மேலே வரை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் மீட்டுங்கள். எங்கேயாவது ‘ஜிர்’ என்று கரகரத்தால் அந்த மெட்டு தூக்கியிருக்கிறது அல்லது கழுத்து வளைந்திருக்கிறது. 12ஆம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் வாழ்த்தும். முதல் மெட்டிலேயே அழுத்தச் சிரமமாக இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. அது சின்ன வேலைதான், விலை பேச உதவும்.

இப்போது இரண்டாம் கம்பியை ஏழாம் மெட்டில் அழுத்தி, பக்கவாட்டில் ஒரு முழு ஸ்வரம் ஏறும்வரை இழுத்து விடுங்கள். ஐந்தாறு தடவை. பிறகு ட்யூனரைப் பாருங்கள். சுருதி அங்கேயே நின்றால் நட்டும் கீயும் நன்றாக இருக்கின்றன. ஸ்டீல் கம்பிக்காக இவ்வளவு தூரம் வந்ததே இந்த இழுவைக்காகத்தான். நைலானைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் சுருதி சோம்பலாகத்தான் ஏறும். ஸ்டீல் அப்படியில்லை, சின்னத் தள்ளலுக்கே பதில் சொல்லும். கமகம் என்ற சொல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி உள்ள மாண்டலினை விட்டுவிட்டு, ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். பிறகு ஐந்து தந்தி வைத்துக்கொண்டார். குட்டிக் கழுத்து, ஸ்டீல் கம்பி, காந்த பிக்கப். சுருதி முறை வேறாக இருந்தாலும் நாம் தேடுகிற கருவிக்கு அது நெருங்கிய சொந்தம். அவரைக் கேட்டு வளர்ந்த ஊரில் ‘இந்தப் பொம்மையில் என்ன வாசிக்க முடியும்’ என்று யாரும் கேட்க முடியாது.

கடைசியில் ஆம்ப். வால்யூம், டோன் குமிழ்களை முழுக்கத் திருப்புங்கள், கரகரப்பு வரக்கூடாது. கேபிளை ஜாக்கில் மெல்ல ஆட்டுங்கள், ஓசை விட்டு விட்டு வரக்கூடாது. கையைக் கம்பியிலிருந்து எடுத்ததும் ரீங்காரம் சற்றுக் கூடி, கம்பியைத் தொட்டதும் குறைய வேண்டும். அது நோயில்லை, எர்த் வயர் பிரிட்ஜ் வரை ஒழுங்காக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். தொட்டால் ரீங்காரம் கூடினால் உள்ளே வயரிங் தவறு.

இந்த எர்த் விஷயத்தை லேசாக விடாதீர்கள். பிரிட்ஜ், கம்பி, கேபிளின் வெளி வலை, ஆம்ப்பின் உடம்பு எல்லாம் ஒரே தொடர்ச்சி. ஆம்ப்பில் கோளாறு இருந்து வீட்டில் எர்த்தும் இல்லையென்றால், அந்த மின்சாரம் போகும் வழி உங்கள் விரல். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளை போர்டில் சொருகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய வீடானால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்த பிறகு ஆம்ப் வாங்குங்கள். மொட்டைமாடியில் ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசிக்கவே வேண்டாம்.

ஆம்ப்புக்குப் பெரிய யோசனை தேவையில்லை. வீட்டுக்கு ஐந்து பத்து வாட் கிடார் ஆம்ப் தாராளம். அதைவிடச் சிக்கனம், ஜாக்கில் நேராகக் குத்தி ஹெட்ஃபோனில் கேட்கும் தீப்பெட்டி அளவுக் கருவி. அதில் எர்த் கவலையும் கிடையாது. கம்ப்யூட்டரில் பதிவு செய்வதானால் ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று போட்ட உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் ஓட்டையில் மாட்டினால் ஓசை சளி பிடித்தாற்போல வரும், கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கே வாங்குவது

நம் ஊர்க் கடைகளில் நைலான் யுகுலேலே வரிசையாகத் தொங்கும், ஸ்டீல் கம்பிக் கருவி அபூர்வம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அப்போது விலையோடு சுங்க வரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. பிரிட்ஜின் நெருக்கமான படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழையது கிடைத்தால் முதல் இரண்டு கம்பிகளுக்குக் கீழே முதல் ஐந்து மெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த கம்பியைப் பார்த்து விலகாதீர்கள், அதை மாற்றிவிடலாம். துருப்பிடித்த பிரிட்ஜ் திருகு வேறு கதை.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கருவியிலேயே கொட்டிவிடாதீர்கள். கால் பங்கை ஆம்ப், கேபிள், இரண்டு செட் கம்பி, ஒரு பை என்று ஒதுக்குங்கள். தோளில் மாட்டும் பட்டையும் வேண்டும்: கெட்டி உடம்பாக இருந்தாலும் சிறியது என்பதால் சிலவற்றில் தலை கனத்துக் கழுத்து கீழே சாயும். மடியில் வைத்து இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வந்த முதல் இரண்டு வாரம் விரல்நுனி எரியும். ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலது கையில் நகத்தால் மீட்டினால் ஸ்டீல் நகத்தைத் தின்றுவிடும், கிடார் பிக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் ஒரு காய்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு மேலேயும் அடியிலேயும் விட்டுத் துடைத்து வையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் கம்பி பழுப்பேறிவிடும்.

தங்கை மகனிடம் இப்போது ஒரு ஹம்பக்கர் டெனர் இருக்கிறது. கறுப்புக் கருவியின் பிரிட்ஜை ஒட்டி, நைலானையே திரும்பப் பூட்டி அவன் தங்கையிடம் கொடுத்துவிட்டோம். 10-46 செட்டில் மிச்சமாகும் இரண்டு தடித்த கம்பிகள் மட்டும் மேசை டிராயரில் சேர்ந்துகொண்டே போகின்றன. போன வாரம் அவன் அம்மா அதில் ஒன்றை எடுத்துச் சமையலறைத் தொட்டியின் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள்.